பொருள்: டாட்டிங் ஊசி என்று நீங்கள் அனுப்பியது டாட்டிங் ஊசி இல்லை. பணத்தைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்: நாகர்கோவில் வாடிக்கையாளர் (பெயரும் முகவரியும் ஆர்டர் விவரத்தில் உள்ளன)
பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், கைவினைப் பொருள் பிரிவு

ஐயா / அம்மா,

கடந்த மாதம் உங்கள் இணையதளத்தில் 'புதிதாகக் கற்பவர்களுக்கான நீடில் டாட்டிங் கிட்' ஒன்றை 1,249 ரூபாய் கொடுத்து வாங்கினேன். நூலில் முடிச்சுகளை வரிசையாகப் போட்டு லேஸ் பின்னுவதுதான் டாட்டிங்; அதை ஊசியால் செய்வது நீடில் டாட்டிங். 5, 7, 8 ஆகிய எண்களில் மூன்று டாட்டிங் ஊசிகள், 20ஆம் எண் பருத்தி நூற்கண்டு நான்கு, தமிழில் ஒரு செய்முறைப் புத்தகம் என்று போட்டிருந்தீர்கள். வந்ததில் ஊசியும் தவறு, நூலும் தவறு, புத்தகமும் தவறு. இதைச் சொல்லி மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று முறையும் ஒரே பதில்: "தொடர்ந்து பயிற்சி செய்யுங்கள், கை பழகிவிடும்." பணம் போனதைவிட அந்தப் பதில்தான் என்னை அதிகம் வருத்தியது. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

நான் ஊசி பிடித்துப் பழகாதவள் இல்லை. முப்பது வருடமாக வீட்டில் ரவிக்கை தைக்கிறேன், குரோஷாவும் போடுவேன். என் பாட்டி லேஸ் பின்னியவர். மிஷனரியின் மனைவியான மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுக்கத் தொடங்கி இருநூறு ஆண்டு ஆகிறது. அவருடைய மகள் எலைசா, கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்த வேலையும் கூடவே போனது. பாட்டி மடியில் தலையணையை வைத்து, குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போடுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கற்றுக்கொள்ளும் முன்பே அவர் போய்விட்டார். டாட்டிங் வேறு வகை லேஸ், தலையணையோ கட்டைகளோ தேவையில்லை. ஓர் ஊசியும் ஒரு நூற்கண்டும் பையில் இருந்தால் பேருந்தில் போகும்போதுகூடப் பின்னலாம். இந்த வயதிலாவது கையால் ஒரு லேஸ் செய்து பார்க்க வேண்டும் என்றுதான் வாங்கினேன்.

முதலில் ஊசி. டாட்டிங் ஊசி நீளமாக, முனை மழுங்கி, அடி முதல் நுனி வரை ஒரே பருமனாக இருக்க வேண்டும். காது இருக்கும் இடமும் தண்டைவிடப் பருக்கக் கூடாது. காரணம் இதுதான். நூலை ஊசியின் மேல் ஒரு பக்கமாகச் சுற்றினால் பாதி முடிச்சு, எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் மறுபாதி. இரண்டும் சேர்ந்தது ஒரு டபுள் ஸ்டிட்ச். ஒரு வளையத்துக்கு வேண்டிய இருபது முடிச்சையும் ஊசியின் மேலேயே வரிசையாக ஏற்றி, நடுவில் பிகாட்டுக்கு (ஓரத்தில் அழகுக்காக நிற்கும் சின்ன நூல் கண்ணிக்கு) இடைவெளி விட்டு, பிறகு எல்லா முடிச்சுகளும் ஒன்றாக ஊசியிலிருந்து வழுக்கி நூலுக்கு இறங்க வேண்டும். காதில் நூல் மடிந்து இரட்டையாக இருப்பதால் அந்த இடம் ஏற்கெனவே தடிமன். காதும் புடைத்திருந்தால் முடிச்சுகள் அங்கே போய்ச் சிக்கிக்கொள்ளும்.

நீங்கள் அனுப்பிய மூன்றும் கம்பளி தைக்கும் ஊசிகள். பக்கத்து லேத் பட்டறையில் வெர்னியர் வைத்து அளந்து பார்த்தேன். பெரிய ஊசியின் தண்டு 1.1 மி.மீ., காது இருக்கும் இடம் 1.9 மி.மீ. முடிச்சு எப்படி இறங்கும்? பலமாக இழுத்தால் பிகாட் எல்லாம் சுருங்கி மறைந்துவிடுகிறது, இல்லையென்றால் நூல் பிரிந்து பஞ்சாகிறது. ஊசிகளிலோ உறையிலோ எண்ணும் இல்லை. எண் கூடக் கூட ஊசி மெலியும் என்பதையும், 10ஆம் எண் நூலுக்கு 5ஆம் எண் ஊசி, 20ஆம் எண் நூலுக்கு 7ஆம் எண் ஊசி, 40க்கு மேற்பட்ட மெல்லிய நூலுக்கு 8ஆம் எண் ஊசி என்பதையும் நான் பிறகு வேறிடத்தில்தான் தெரிந்துகொண்டேன். உங்கள் புத்தகத்தில் இது ஒரு வரிகூட இல்லை. 20ஆம் எண் நூலை மட்டும் கொடுத்துவிட்டு மூன்று ஊசி வைத்தால், எதை எடுக்க வேண்டும் என்று புதிதாகப் படிக்கிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

நூலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். லேபிளில் நூறு சதவீதம் பருத்தி என்று இருக்கிறது. ஒரு துண்டை நெருப்பில் காட்டினேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிர வேண்டும். இது உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகிவிட்டது. நான்கு கண்டும் அப்படித்தான். வழவழப்பான செயற்கை நூலில் முடிச்சு நிற்காமல் நழுவும். புதியவர் கையில் கொடுக்கவே கூடாத நூல் அது.

புத்தகம்தான் என்னை அதிக நாள் அலைக்கழித்தது. அட்டையில் நீடில் டாட்டிங் என்று இருக்கிறது, உள்ளே இருப்பது ஷட்டில் டாட்டிங்குக்கான, அதாவது ஊசிக்குப் பதில் நூல் சுற்றிய சிறு படகு வடிவக் கருவியால் பின்னுவதற்கான செய்முறை. ஷட்டிலில் பின்னும்போது, முதலில் ஷட்டில் நூல், விரல்களில் சுற்றிப் பிடித்திருக்கும் கை நூலைச் சுற்றும்; கை நூலைத் தளர்த்தி ஷட்டில் நூலை இழுத்து அந்த முடிச்சைக் கை நூலுக்கு மாற்ற வேண்டும். அது வந்தால்தான் வளையம் மூடும், கற்பவர்களுக்கு மிகக் கடினமான இடமும் அதுவே. ஊசியில் அந்த வேலையே கிடையாது. நூலை நேராக ஊசியில் சுற்றுகிறோம், மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. ஊசி வழி எளிது என்று சொல்வதே இதனால்தான். உங்கள் புத்தகத்தின் 6ஆம் பக்கமோ "இப்போது முடிச்சை மறுநூலுக்கு மாற்றவும்" என்கிறது. கையில் இருப்பது ஊசி, எந்த நூலிலிருந்து எந்த நூலுக்கு மாற்றுவது? மூன்று வாரம் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து அந்த ஒரு வரியோடு போராடினேன்.

அதே சமயம் ஊசிக்கு உண்மையில் தேவையான படி புத்தகத்தில் இல்லை. முடிச்சுகள் இறங்கியபின் அடியில் மிஞ்சும் சின்னக் கண்ணிக்குள் ஊசியை விட்டு இழுத்தால்தான் வளையம் மூடும். வளையங்களுக்கு இடையே வரும் வில் போன்ற செயின் முடிந்ததும் ஒரு முடிச்சுப் போட வேண்டும். இரண்டுமே சொல்லப்படவில்லை. ஆறு இதழ்ப் பூ என்று படம் போட்ட பக்கத்தில், எழுதியிருக்கிறபடி எண்ணினால் ஐந்து இதழ்தான் வருகிறது.

உங்கள் பதில் வந்த நாட்களில் நானும் தவறு என் கையில்தானோ என்று நம்பத் தொடங்கிவிட்டேன். விரல் மூட்டு வலியால்தான் வரவில்லையோ என்று டாக்டரிடம்கூடக் கேட்டேன். பெங்களூரில் இருக்கும் என் அக்கா மகள் விஷயம் கேள்விப்பட்டு, தன்னிடம் இருந்த 5ஆம் எண் டாட்டிங் ஊசி ஒன்றைக் கூரியரில் அனுப்பினாள். வடசேரிக் கடையில் 10ஆம் எண் பருத்தி நூல் வாங்கினேன். ஐந்தைந்தாக இருபது முடிச்சு, இடையில் மூன்று பிகாட். ஊசியை இழுத்தேன், அத்தனையும் தடையில்லாமல் இறங்கி, முதல் தடவையே வளையம் மூடியது. அன்று இரவே பூவின் ஆறு இதழையும் முடித்தேன்.

பழகியவர் உங்கள் ஊசியைப் பார்த்ததும் ஒதுக்கி வைத்துவிடுவார். புதிதாகத் தொடங்குகிறவருக்குக் குறை கருவியிலா கையிலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. எனக்குச் சொல்ல ஆள் இருந்தது. இதே கிட்டை வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி 'எனக்கு இது வராது' என்று மூலையில் போட்டிருந்தால், அவளுக்கு யார் சொல்வார்கள்?

ஆகவே நான் கேட்பது: 1,249 ரூபாயை முழுமையாகத் திருப்பித் தாருங்கள். "பிரித்த பொருளைத் திருப்ப இயலாது" என்ற விதி, விவரத்துக்கு மாறான பொருளை அனுப்பியதற்குப் பொருந்தாது. மாற்றுக் கிட் வேண்டாம். ஊசியையும் நூலையும் மாற்றிப் புத்தகத்தைத் திருத்தும் வரை இதன் விற்பனையை நிறுத்துங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு, இந்த ஊசியில் முடிச்சு இறங்காது, தவறு உங்களுடையது என்று எழுதித் தெரிவியுங்கள். பணத்தைவிட இந்தக் கடைசிக் கோரிக்கை எனக்கு முக்கியம்.

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் நீங்கள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முதல் மின்னஞ்சல் அனுப்பி இன்றோடு 19 நாள், புகார் எண்கூட வரவில்லை. மீதியுள்ள நாட்களுக்குள் பதில் இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

பில் நகல், ஊசியை வெர்னியரில் அளந்த படம், எரித்த நூல் துண்டு, புத்தகத்தின் 6ஆம் பக்க நகல் ஆகியவற்றோடு, சரியான ஊசியில் நான் பின்னிய பூவின் படத்தையும் இணைத்துள்ளேன். உங்கள் மூன்று ஊசிகளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
நாகர்கோவில்