'மாத வருமானம் எவ்வளவு?'

ஆசிரியர் அவர்களுக்கு,

முதுகலை மாணவர்கள் ஆய்வேட்டுக்காக வினாப்பட்டியலோடு வீடு வீடாக ஏறி இறங்கும் காலம் இது. அந்தப் பட்டியல்களில் தவறாமல் வரும் கேள்வி, 'உங்கள் மாத வருமானம் எவ்வளவு?' குமரி மாவட்டத்தில் அதற்கு நேராகப் பதில் சொல்லக்கூடியவர் மாதச் சம்பளக்காரர் மட்டும்தான்.

குளச்சலில் வள்ளத்தில் போகிறவருக்கு மாதக் கணக்கே கிடையாது. மீனை ஏலம் விட்டு, எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மிச்சத்தில்தான் பங்கு. "கடைசியாகப் போன மூன்று தடவையும் கைக்கு எவ்வளவு வந்தது? போன வாரம் எத்தனை நாள் கடலுக்குப் போனீர்கள்?" என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியிடம் மூன்று கேள்வி வேண்டும்: எத்தனை மரம், என்ன கூலி, போன மாதம் எத்தனை நாள் வெட்டு நடந்தது. கணக்குப் போட்டு மாத வருமானம் காண்பது ஆய்வாளரின் வேலை. அதை எதிரே இருப்பவர் தலையில் கட்டினால், வாய்க்கு வந்த ஒரு தொகைதான் கிடைக்கும்.

கேட்கும் மாதத்தையும் குறிக்க வேண்டும். ரப்பர் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் நாட்களில் 'போன மாதம்' என்று கேட்டால் கிடைப்பது அந்த ஆண்டின் மிக மோசமான மாதம். விசைப்படகுத் தடைக்காலமோ இந்த ஒரே மாவட்டத்தில் இரண்டு: சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மே மாதம் இரு பக்கமும் கேட்டு ஒப்பிட்டால், தெரிவது தடையின் வித்தியாசம். வருமானத்தின் வித்தியாசம் அல்ல.

தூத்தூர் வட்டாரத்தில் ஆழ்கடல் போனவர்கள் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். பகலில் வீட்டில் இருக்கும் ஆண்களை மட்டும் எழுதினால் முதியவரும் நோயாளியும்தான் அதிகம் சேர்வர். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டை எடுப்பதும் இதே தவறு. வேறு வேறு நேரத்தில் மூன்று முறையாவது போய்ப் பார்க்க வேண்டும். கிடைக்காத வீடுகளின் எண்ணிக்கையை ஆய்வேட்டில் எழுத வேண்டும். எவ்வளவு பெரிய மக்கள்தொகைக்கும் 384 பேரைக் கேட்டால் போதும் என்று ஆய்வேடுகளில் வரும் கணக்கு குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தால்தான் செல்லும். வாட்ஸ்அப் குழுவில் கூகுள் படிவத்தைப் போட்டு 384 பேரைச் சேர்ப்பது வேறு.

சொற்களும் ஊருக்குத் தக்க இருக்கட்டும். இங்கே மரவள்ளி அல்ல, மரச்சீனி. நிலத்துக்கு ஏக்கர் அல்ல, சென்ட். 'மீன் விலையும் டீசல் மானியமும் போதுமா?' என்பது இரண்டு கேள்வி, பிரிக்க வேண்டும். 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்று தொடங்கும் ஐந்து விடைகளை வாசித்துக் காட்டினால், ஐந்தாவது வருமுன் முதலாவது மறந்துபோகும். முதலில் 'சரியா, சரியில்லையா?', பிறகு 'ரொம்பவா, கொஞ்சமா?' என்று இரண்டு படியாகக் கேட்கலாம்.

களத்துக்குப் போகுமுன் பத்துப் பேரிடம் சோதித்து, "இதைக் கேட்டதும் எதை நினைத்துச் சொன்னீர்கள்?" என்று விசாரித்தாலே பாதிப் பிழை தெரிந்துவிடும். வழிகாட்டிப் பேராசிரியர்கள் வினாப்பட்டியலில் கையெழுத்துப் போடுமுன், திருத்தம் குறித்த அந்தப் பத்துத் தாள்களையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கள ஆய்வுப் பயிற்றுநர்கள்,
தக்கலை.