டிஎல்எல் கோப்பைத் தேடி இறக்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

கணினியைத் திறந்ததும் ‘டிஎல்எல் கோப்பு இல்லை’ என்று ஒரு பெட்டி வருவதாகக் கேட்ட வாசகருக்கு, அந்தக் கோப்பை இணையத்திலிருந்து இறக்கிப் போடும்படி தங்கள் கேள்வி-பதில் பகுதியில் சொல்லியிருந்தீர்கள். (டிஎல்எல் என்பது நிரல்கள் இயங்கும்போது துணைக்கு அழைக்கும் கோப்பு.) கோவில்பட்டியில் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம்.

போன வாரம் ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர் இதே தொல்லையோடு வந்தார். யாரோ பிரிண்ட் எடுக்கக் கொடுத்த பென் டிரைவிலிருந்து வைரஸ் ஏறியிருக்கிறது. ஆன்டிவைரஸ் அதை அழித்தும்விட்டது. அதற்கப்புறம்தான் தினமும் ‘ரன்டிஎல்எல்’ என்ற தலைப்போடு அந்தப் பிழைப் பெட்டி. அதிலிருந்த கோப்பு முகவரியை, அதாவது எந்த ஃபோல்டரில் தேடுகிறது என்பதைப் படித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்: ‘ஆப்டேட்டா’, அதற்குள் ‘ரோமிங்’, அதற்குள் வாயில் நுழையாத பெயரில் ஒரு கோப்பு. விண்டோஸ் தன் சிஸ்டம் கோப்புகளை அங்கே வைப்பதில்லை. காணாமல் போனது வைரஸேதான். கணினி திறக்கும்போதெல்லாம் அதை எழுப்பும் கட்டளை மட்டும் மிச்சம். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ‘ஆட்டோரன்ஸ்’ நிரலில், கோப்பு இல்லாத இப்படிப்பட்ட வரிகள் மஞ்சளாகத் தெரியும். அந்த வரிக்கு முன்னால் இருந்த டிக்கை எடுத்தேன், பெட்டி நின்றது.

விண்டோஸின் சொந்தக் கோப்புகள் இருக்கும் ‘சிஸ்டம்32’ ஃபோல்டரில் உள்ள கோப்பே கெட்டிருந்தால் கதை வேறு. முதலில், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் (விண்டோஸ் முழுதாகத் திறக்கும் முன்பே நடக்கும் சோதனை). வைரஸ் உள்ளே இருக்கும்போது பழுதுபார்ப்பது வீண் வேலை. பிறகு நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட்டை (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையை) திறந்து, விண்டோஸிலேயே உள்ள இரண்டு பழுதுநீக்கும் கட்டளைகளை ஓட்ட வேண்டும்: டிஐஎஸ்எம்மின் ‘ரீஸ்டோர்ஹெல்த்’, அது முடிந்ததும் ‘எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்’. எஸ்எஃப்சி நல்ல பிரதிகளை விண்டோஸின் சொந்தக் கிடங்கிலிருந்துதான் எடுக்கிறது. அந்தக் கிடங்கைச் சரிசெய்வது டிஐஎஸ்எம். பலர் எஸ்எஃப்சியை மட்டும் ஓட்டி, ‘சில கோப்புகளைச் சரிசெய்ய முடியவில்லை’ என்று வந்ததும் டிஸ்க்கையே துடைத்தழிக்கும் ஃபார்மட்டுக்குப் போய்விடுகிறார்கள். கல்யாண ஆல்பம், கணக்கு வழக்கு எல்லாம் அதோடு போகிறது.

ஃபார்மட்டே கூடாது என்று சொல்லவில்லை. ‘சாலிட்டி’ போல எக்ஸிஇ கோப்புகளுக்குள்ளேயே (நிரல்களைத் திறக்கும் கோப்புகளுக்குள்ளேயே) புகுந்துகொள்ளும் வைரஸுக்கு அதுதான் சரி. ஆனால் பழைய சாஃப்ட்வேர் செட்டப்புகளை பென் டிரைவில் காப்பாற்றி வைத்துத் திரும்பப் போட்டால் வைரஸும் கூடவே வந்துவிடும். (எங்கள் தொழிலிலேயே இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.)

இந்திய அரசின் ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ தளத்தில் வைரஸ் நீக்கும் நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதைப் பற்றி எழுதினால் பலருக்கு உதவும். அந்த வாசகர் ஏற்கெனவே டிஎல்எல்லை இறக்கிப் போட்டிருந்தால், அதை நீக்கிவிட்டு முழு ஸ்கேன் செய்யச் சொல்லி நாளைய இதழிலேயே ஒரு வரி போடுங்கள்.

கணினி பழுதுபார்ப்பவர்,
கோவில்பட்டி