நைட்டோட நைட்டா ஜேடிகே மாத்துற ஐடி டீமுக்கு ஒரு திறந்த மடல்

ஐடி டீம்ல இருக்குற அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

ஜேடிகேக்கு (ஜாவால புரோகிராம் எழுதி ஓட்டுறதுக்கான கருவித் தொகுப்பு) அப்டேட்டே போடாதீங்கனு சொல்ல வரல, கண்டிப்பா போடணும். ஆனா போன புதன்கிழமை காலைல சிஸ்டத்த ஆன் பண்ணி பில்ட் குடுத்தா (எழுதின கோட ஓடுற புரோகிராமா மாத்துற வேல) ஜாவா ஹோம், அதாவது ஜேடிகே இருக்குற ஃபோல்டர காட்டுற செட்டிங், தப்புனு ஒத்த வரில நின்னுடுச்சு, என்னடானு போய் பாத்தா 17.0.12 இருந்த இடத்துல 17.0.13 வந்து உக்காந்திருக்கு. நாம போடுற டெமுரின்ங்கிற ஜேடிகேயோட இன்ஸ்டாலர் ஃபோல்டர் பேர்லயே முழு வெர்ஷன் நம்பரயும் போட்டுடும், புதுசு வந்ததும் பழச தூக்கிடும், நாங்க கையால எழுதி வச்ச பாத் எல்லாம் இடிச்சுட்ட வீட்டு அட்ரஸ் ஆயிடுச்சு.

சரி, அது அஞ்சு நிமிஷ வேல. அரை நாள தின்னது அடுத்தது தான். மேவன் (கோடுக்கு வேணுங்கிற லைப்ரரிய நெட்ல இருந்து இறக்கி பில்ட் பண்ற டூல்) ஒரு லைப்ரரியக்கூட இறக்க மாட்டேங்குது, பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்டுனு, அதாவது எதிர்ல நீட்டுற சர்டிஃபிகேட்ட நம்ப முடியலனு, பக்கம் பக்கமா சிவப்பு எழுத்து. கம்பெனிக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவுல இருக்குற நம்ம ப்ராக்ஸி சர்வர் வெளிய போற கனெக்ஷன் எல்லாத்தையும் பிரிச்சு பாத்துட்டு தன்னோட சர்டிஃபிகேட்ட நீட்டுது, அத ஜாவா நம்பணும்னா ஜேடிகேக்குள்ள இருக்குற கேசர்ட்ஸ் ஃபைல்ல (எந்த சர்டிஃபிகேட்ட நம்பலாம்ங்கிற பட்டியல்) ஏத்தணும், நீங்க விண்டோஸ்ல ஏத்தி வச்சத அது தானா போய் பாக்காது. எப்பயோ யாரோ கீடூல்ங்கிற ஜேடிகே கமாண்ட் வச்சு ஏத்தினது (அந்த ஃபைல் பாஸ்வேர்டு இன்னும் ஜாவாவோட வர்ற சேஞ்ச்இட் தான், அது தனி கதை) பழைய ஃபோல்டரோட போயே போச்சு.

இப்படி ரெண்டு தடவ அடிபட்டவன் என்ன பண்ணுவான்? உங்க கைக்கு எட்டாம டி டிரைவ்ல ஒரு ஜேடிகே காப்பி ஒளிச்சு வைப்பான். நானும் வச்சிருக்கேன், 17.0.2. அதுல என்ன பாதுகாப்பு ஓட்டைனு தெரியுமா? ஜாவா 15-ல டிஜிட்டல் கையெழுத்து சரிபாக்குற எலிப்டிக் கர்வ் கோட சி பிளஸ் பிளஸ்ல இருந்து ஜாவாவுக்கு மாத்தி எழுதும்போது, கையெழுத்துல வர்ற ரெண்டு நம்பரும் பூஜ்யமானு செக் பண்ற வரிய விட்டுட்டாங்க. முழுக்க பூஜ்யமா ஒரு டிஜிட்டல் கையெழுத்த நீட்டினா அந்த கோடு பண்ற ஈசிடிஎஸ்ஏ சரிபார்ப்பு "ஓகே, உள்ள வா"னு விட்டுடும். 2022 ஏப்ரல்ல 17.0.3-ல தான் அடைச்சாங்க. நீங்க சொல்லாம கொள்ளாம மாத்துறதால, எந்த ஓட்டைய அடைக்க மாத்துறீங்களோ அதே ஓட்டையோட நாங்க உக்காந்து வேல பாக்குறோம்.

இத்தனைக்கும் ஜாவா அப்டேட் திடீர்னு வர்ற விருந்தாளி இல்ல. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர், மூணாவது செவ்வாய்க்கிழம, காலண்டர்லயே குறிச்சு வச்சிடலாம். முந்தின நாள் ஒரு மெயில் போடுங்க. நம்பர் மாறாத பேர்ல ஒரு ஜங்ஷன் ஃபோல்டர் (நிஜ ஃபோல்டர் இருக்குற இடத்த காட்டுற குறுக்கு வழி) போட்டு ஜாவா ஹோம அங்க காட்டுங்க, புதுசு வந்தா ஜங்ஷன மட்டும் திருப்பிக்கலாம். சர்டிஃபிகேட் ஏத்துற கீடூல் கமாண்ட உங்க ஸ்கிரிப்ட்லயே கடைசி வரியா சேத்துடுங்க.

டி டிரைவ்ல இருக்குற 17.0.2-வ இன்னிக்கு சாயங்காலமே அழிச்சிடறேன். அதுக்கு முன்னாடி அந்த ப்ராக்ஸி சர்டிஃபிகேட் ஃபைல் எங்க இருக்குனு மட்டும் யாராவது சொல்லுங்க, மூணு நாளா தேடறேன்.