அட்டாலியிலிருந்து இறக்கியதில் பாதி எங்களுடையது

அம்மிணி,

நேற்று நீ டியூஷன் போன பிறகு உன் ரூமுக்குள் நான் போகவில்லை. கதவு பாதி திறந்துதான் கிடந்தது. முந்தாநாள் ரெண்டு பேருமாக டேப்பைப் பிடித்து அளந்தோமே, அந்த அளவுகளை வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்து பெயிண்டுக்குக் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கையும், அதற்கு முன்னால் நான் சொல்லியிருக்க வேண்டியதையும் எழுதிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம். நேரில் பேசினால் பாதியில் எனக்கு அழுகை வந்துவிடும், நீ எழுந்து போய்விடுவாய். நீ படித்துவிட்டு "போடும்மா" என்று சொன்னால் மட்டும்தான் இதைப் பத்துப் பேர் படிக்கிற மாதிரி வெளியில் போடுவேன்.

போன வருஷம் மே மாதம் நீ கோபியில் அம்மாயி வீட்டில் இருந்தாய். ரெண்டு நாள் லீவு போட்டு உன் ரூமைச் சுத்தம் பண்ணினேன். நீ திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது பளிச்சென்று இருக்க வேண்டும், பார்த்ததும் உன் முகம் மலர வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டேன். கட்டிலுக்கு அடியில் சீமாறை விட்டு இழுத்தால் என்னென்னவோ வந்தது. மூடியில்லாத பேனா, ஒற்றைச் சாக்ஸ், பாதி எழுதிய நோட்டு, காய்ந்து போன எலுமிச்சம்பழத் தோல். அதோடு ஒரு பிஸ்கட் டின். திறந்து பார்த்தேன். உள்ளே முழுக்க நூல் துண்டுகள். சிவப்பு, பச்சை, கருநீலம், மஞ்சள். விரல் நீளத்தில் சில, முழ நீளத்தில் சில, ஒன்றோடு ஒன்று சிக்குப் பிடித்துக் கிடந்தன. ஈரோட்டிலேயே பிறந்து வளர்ந்தவளுக்குக் கழிவு நூல் என்றால் ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் துடைக்கிற பொருள். ஒரு நொடிகூட யோசிக்காமல் மூட்டையில் கொட்டினேன். டின்னைக் கழுவிச் சமையலறையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை நீ வந்து, பையைக்கூட இறக்காமல் கட்டிலுக்கு அடியில் குனிந்தாய். "டின் எங்கம்மா?" என்றாய். நான் சொன்னதும் கத்தவில்லை. "அது அப்பாரு தறியில இருந்து எடுத்தது" என்று மட்டும் சொன்னாய். உன் தாத்தாவின் தறி.

நான் தெருவில் ஓடியது உனக்குத் தெரியும். அதற்கப்புறம் நடந்ததை உன்னிடம் சொன்னதில்லை. குப்பை வண்டி அடுத்த தெருவில் நின்றிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் வண்டிக்கார அக்கா, எனக்கு முன்னால் ஏறி, ரெண்டு மூட்டைகளைப் பிரித்துக் கையை விட்டுத் துழாவினார். "என்ன கலருங்க நூலு?" என்று கேட்டுக்கொண்டே தேடினார். மூன்றாவது மூட்டை அதற்குள் பெரிய லாரிக்கு மாறிப் போய்விட்டிருந்தது. "நேத்து ராத்திரியே வந்து கேட்டிருக்கக் கூடாதுங்களா" என்று அவர் வருத்தப்பட்டது இன்னும் காதில் இருக்கிறது.

பவானியில் அப்பாருவும் சின்ன அப்பாருவும் ஒரே குழித்தறியில் அக்கம்பக்கமாக உட்கார்ந்து ஜமக்காளம் நெய்ததை நீ கடைசியாகப் பார்த்தபோது உனக்குப் பத்து வயசு. அகலமான ஜமக்காளத்துக்கு ஒருத்தர் கை எட்டாது. இவர் தள்ளுகிற நூல் சுற்றிய நாடாவை அந்தப் பக்கம் அவர் பிடிக்க வேண்டும். பட்டைக்குப் பட்டை நிறம் மாறும்போது அறுத்துப் போடுகிற நூலை நீ குழிக்குப் பக்கத்தில் குத்தவைத்துப் பொறுக்கிக்கொண்டே இருந்தாய். அதை நான் அன்றைக்குக் கண்ணால் பார்த்தவள். பார்த்தவளுக்கு அந்த டின்னைத் திறந்தபோது அது நினைவுக்கு வரவில்லை. அப்பாரு இறந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. மன்னித்துக்கொள் சாமி. இதை நான் அப்போதே சொல்லாமல் "வேற நூல் வாங்கித் தர்றேன்" என்று சொன்னேன். அதற்கும் சேர்த்து.

அன்றிலிருந்துதான் உன் ரூம் நாங்கள் யாரும் உள்ளே போக முடியாத மாதிரி ஆனது. சோம்பேறித்தனம் என்று அப்பா சொன்னார், வயசுக்கோளாறு என்று அம்மாயி சொன்னார், நானும் தலையாட்டினேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. அம்மா கை பட்டால் பொருள் காணாமல் போகும் என்று தெரிந்த பிறகு, எதையும் உள்ளே எடுத்து வைக்க உனக்குத் துணிவு வரவில்லை. எல்லாம் கண்ணுக்கு எதிரிலேயே கிடந்தால்தான் இருக்கிறதா இல்லையா என்று தெரியும்.

இந்த வருஷம் பத்தாவது பரீட்சை முடிந்த மறுநாள், "எல்லாத்தையும் வெளிய எடுத்துப் போடலாம், ஆனா ஒவ்வொண்ணையும் கேட்டுட்டு எடும்மா" என்று நீயாகவே சொன்னாய். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்தான்.

எல்லாவற்றையும் ஹாலுக்குக் கொண்டுவந்து பரப்பினோமே, அன்றைக்குத்தான் எனக்குச் சுருக்கென்றது. அட்டாலிப் பரணிலிருந்து இறக்கியவை: எனக்குச் சீராக வந்த பித்தளை அண்டா, ரெண்டு குடம், ஒரு கொப்பரை. விருந்தாளிகள் வந்தால் போடுவதற்கென்று ரெண்டு இலவம்பஞ்சு மெத்தை, நான்கு தலையணை. அப்பா டிப்ளமா படித்த காலத்து நோட்டுகள் ஒரு சாக்கு. டிவி வாங்கிய அட்டைப்பெட்டி, மிக்ஸி வாங்கிய அட்டைப்பெட்டி, வாரண்டி முடிந்து எத்தனையோ வருஷம் ஆன பிறகும். ஜன்னல் ஓரத்தில் என் தையல் மிஷின். கட்டிலுக்கு அடியில் கல்யாண ஆல்பங்கள். அலமாரியில் ஐந்து தட்டு, அதில் நான்கில் என் பட்டுப்புடவைகளும் கம்பளிகளும். உனக்கென்று இருந்தது ஒரே தட்டு. யூனிஃபார்ம், வீட்டுத் துணி, விசேஷத் துணி, புத்தகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரு தட்டு. துவைத்த துணி நாற்காலியில் கிடக்காமல் வேறு எங்கே போகும்? அந்த நாற்காலிக்காக உன்னை நான் எத்தனை நாள் திட்டியிருக்கிறேன்.

நம் மாதிரி ரெண்டு பெட்ரூம் வீடுகளில் பிள்ளைக்கு ரூம் கொடுப்பது என்றால் இப்படித்தான் கொடுக்கிறோம். வீட்டின் குடோனில் ஒரு கட்டிலைப் போட்டு, "இது உன் ரூம், நீதான் சுத்தமா வச்சுக்கணும்" என்கிறோம். என் சிநேகிதிகள் வீடுகளிலும் இதைப் பார்க்கிறேன். அரிசி மூட்டை இருக்கும், பழைய குக்கர் இருக்கும், மூலையில் ஏணி சாத்தியிருக்கும். குப்பையாக வைத்திருக்கிறாள் என்ற பேச்சு மட்டும் பிள்ளைக்கு.

எங்கள் பொருளை நாங்கள் எடுத்துக்கொண்டோம். தையல் மிஷின் எங்கள் ரூமுக்கு வந்துவிட்டது. அண்டாவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றப் பித்தளையைப் பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டாயிற்று. அட்டைப்பெட்டிகள் பழைய பேப்பர்காரரிடம் போயின. அப்பாவின் நோட்டுச் சாக்கு இன்னும் ஹாலில் நிற்கிறது. அது அவர் பாடு.

உன் பொருளில் நீ பிரித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. வேண்டும் என்று ஒன்று, வேண்டாம் என்று ஒன்று, "தெரியல" என்று ஒன்று. மூன்றாவது குவியலை ஒரு பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, மேலே "பொங்கலுக்குத் திறக்கவும்" என்று எழுதினாய். பத்தாவது கைடுகளைக் கீழ்வீட்டுப் பையனுக்குக் கொடுத்ததும் நல்லது. ஒன்று மட்டும் சொல்கிறேன், இது நான் செய்த தப்பு. தட்டுகளில் பழைய செய்தித்தாளை விரித்திருந்தேன் இல்லையா, அதை எடுத்தபோது வெள்ளியாக மின்னிக்கொண்டு நாலைந்து பூச்சி ஓடியது. அதுதான் ராமபாணப்பூச்சி. காகிதமும், புத்தக அட்டையை ஒட்டுகிற பசையும், துணியில் போடுகிற கஞ்சியும்தான் அதற்குச் சாப்பாடு. ஈரமும் இருட்டும் இருந்துவிட்டால் அது பெருகும். இனி தாள் விரிக்க வேண்டாம். தட்டுகளைத் துடைத்து ஒரு நாள் முழுக்கக் கதவைத் திறந்து காய விட்டுப் பிறகு அடுக்கலாம்.

இனி சுவர். உன் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் வெள்ளையாகப் பூத்து, தொட்டால் மாவு மாதிரி உதிர்கிறதே, அது பெயிண்டின் குறை இல்லை. அந்தப் பக்கம் பாத்ரூம். டைல்ஸ் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி, செங்கல்லிலும் சிமெண்டிலும் இருக்கிற உப்பைக் கரைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு பெயிண்டுக்கு அடியில் தங்கி வளர்ந்து அதைத் தள்ளிவிடும். இதுவரை ரெண்டு தடவை மேலேயே பெயிண்ட் அடித்தோம், ரெண்டு தடவையும் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. இந்த முறை அப்படிச் செய்யப் போவதில்லை. பாத்ரூம் டைல்ஸ் இடுக்கெல்லாம் சுரண்டிப் புதிதாகப் பூசியாகிவிட்டது. இந்தப் பக்கம் உதிர்ந்த பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டார்கள். சுவர் நன்றாகக் காய வேண்டும். ஈரச் சுவர்மேல் பட்டி பார்த்தால் பணமும் உழைப்பும் வீண். அதனால்தான் மூன்று வாரமாகச் செங்கல் தெரிகிற சுவருக்குப் பக்கத்தில் உன்னைப் படுக்க வைத்திருக்கிறேன். மே மாத வெயில் இதற்காவது உதவட்டும். காய்ந்ததும் பூச்சு, அப்புறம் பட்டி, உப்புத்தாள் தேய்ப்பு, பிரைமர், கடைசியாகத்தான் நிறம்.

கணக்கு இது. ரூம் பத்துக்குப் பதினொன்று, உயரம் பத்து அடி. நான்கு சுவரும் சேர்த்து 420 சதுர அடி. கதவுக்கு 21, ஜன்னலுக்கு 16, அலமாரிக்குச் சுமார் 25 கழித்தால் 358. பிரைமர் அடித்த சுவரில் ரெண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் எமல்ஷன் நூறு, நூற்று இருபது சதுர அடி போகும். ஆக நான்கு லிட்டர் டப்பா ஒன்று போதும். மேல்தளத்துக்கு வெள்ளை தனி.

நிறம் கருநீலம் என்று சொன்னாய். நான்கு சுவரும். என் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்: அடர்த்தியான நிறம் வெளிச்சத்தைக் குடித்துவிடும், ஒரே ஒரு ஜன்னல் இருக்கிற ரூமில் நீ படிப்பதற்குப் பகலிலேயே லைட் போட வேண்டி வரும். தலைமாட்டுச் சுவருக்கு மட்டும் கருநீலமும் மற்றதற்கு வெளிர் நிறமும் என்றால் எனக்கு நிம்மதி. ஆனால் அங்கே இருக்கப் போவது நீ. டப்பா வாங்குவதற்கு முன்னால் சின்ன சாம்பிள் வாங்கி, ரெண்டடிக்கு ரெண்டடி அளவில் ரெண்டு சுவரில் அடித்துப் பார்ப்போம். காலையில் ஒரு தடவை, சாயங்கால வெயில் உள்ளே விழும்போது ஒரு தடவை, ராத்திரி டியூப்லைட்டில் ஒரு தடவை பார். கடையின் அட்டையில் பார்க்கிற நிறம் வேறு, சுவரில் நிற்கிற நிறம் வேறு. மூன்று நாள் பார்த்த பிறகும் நான்கு சுவருக்கும் வேண்டும் என்றால் நான்குக்கும் அடித்துவிடலாம். நான் மறுபடி வாய் திறக்க மாட்டேன்.

படம் ஒட்டுவதற்குச் சுவரில் இனி டபுள் சைடு டேப் வேண்டாம், பட்டியோடு பெயர்த்துக்கொண்டு வரும். மேசைக்கு மேலே நான்கடிக்கு மூன்றடியில் ஒரு சாஃப்ட்போர்டு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். அதில் என்ன வேண்டுமானாலும் குத்திக்கொள்.

தூக்கத்தைப் பற்றி உன்னிடம் நான் போட்ட சண்டைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உன் வயசில் உடம்புக்குள் இருக்கிற கடிகாரமே தள்ளிப் போகிறது, தூக்கம் வருவதற்கு ராத்திரி நேரமாகும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அதே டாக்டர்கள் பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயசு வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்றும் சொல்கிறார்கள். நீ வேண்டுமென்றே விழித்திருக்கவில்லை. போன் மட்டும் படுக்கைக்கு வராமல் மேசையிலேயே சார்ஜ் ஆகட்டும், அதற்காக மேசைப் பக்கம் ஒரு பிளக் பாயிண்ட் வைக்கச் சொல்லியிருக்கிறேன். காலை வெயில் முகத்தில் அடிக்காமல் கனமான திரை ஒன்று போடுவோம்.

கடைசியாக, அட்டாலியின் கோடியில் தகரப்பெட்டிக்குள் இருந்த ஜமக்காளம். அப்பாரு நம் புதுவீட்டுக்கென்று நெய்து கொடுத்தது. பவானி ஜமக்காளத்துக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பேப்பரில் வந்த செய்தியைக் கத்தரித்து அதோடு சேர்த்தே மடித்து வைத்திருந்தார். விசேஷத்துக்கு மட்டும் எடுப்பது, அழுக்காகிவிடும் என்று நான் பொத்திப் பொத்தி வைத்தேன். பத்து வருஷத்தில் நான்கு தடவை வெளியே வந்திருக்குமா? நீ அதை விரித்து, முட்டி போட்டு உட்கார்ந்து, சிவப்புப் பட்டை முடிந்து பச்சை ஆரம்பிக்கிற இடத்தில் விரலால் தடவிக்கொண்டே இருந்தாய். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். உனக்குத் தெரியாது.

அது இனி உன் ரூம் தரையில் கிடக்கட்டும். காபி கொட்டினால் துவைத்துக்கொள்ளலாம். அவர் அதை மனுஷர் உட்காரத்தான் நெய்தார்.

ஜன்னல் நான்குக்கு நான்கு. திரை சுருக்கம் விழுந்து தொங்க அகலம் ரெண்டு மடங்கு வேண்டும், நீளம் கீழே ஒரு முழம் கூடுதலாக இருக்கட்டும். தையல் நான் போட்டுத் தருகிறேன். திங்கட்கிழமை சாயங்காலம் ஜவுளிச்சந்தை கூடும், எட்டு மணிக்கு மேல் போனால் நிதானமாகப் பார்க்கலாம். துணியை நீ எடு. பை தூக்க நான் வருகிறேன்.

அம்மா