தோட்டத் தண்ணீர்ப் பொறுப்பு: வியாழன் முதல்

வணக்கம் உறவுகளே. வியாழக்கிழமை எனக்கு இடது கண்ணில் புரை அறுவை. மண்ணும் தண்ணீரும் கண்ணில் படக்கூடாது என்பதால் சில வாரம் ஆயர் ஈத்தாம் தோட்டப் பக்கம் வரமாட்டேன்.

குழாயைத் திறக்குமுன் மண்ணைப் பாருங்கள். மேல்மண்ணை நம்பாதீர்கள், பினாங்கு வெயிலில் மழை விட்ட சற்று நேரத்திலேயே வெளுத்துவிடும். கத்தரிப் பாத்தியில் டென்சியோமீட்டரின் (மண் ஈரத்தை அளக்கும் கருவி) பீங்கான் முனை 20 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது. நீரை இழுக்க வேர் எவ்வளவு சிரமப்பட வேண்டும் என்பதைத்தான் அதன் முள் சென்டிபார் என்ற அழுத்த அளவில் காட்டும். 10-க்குக் கீழ் என்றால் மண் ஊறிக் கிடக்கிறது, விட்டுவிடுங்கள். 30-ஐ நெருங்கினால் தண்ணீர் விடலாம். பாத்தி காய்ந்தும் முள் 0-விலேயே நின்றால் குழலுக்குள் காற்று புகுந்திருக்கும். நீர் நிரப்பி மூடியை இறுக்குங்கள்.

வெண்டைப் பாத்திக்குக் கருவி இல்லை. விரல் ஆழத்து மண்ணை எடுத்துப் பிடியுங்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் தண்ணீர் தேவை. (போன தடவை வெண்டை அழுகியது நம் அன்பு மிகுதியால்தான்!)

அப்புறம், கண்ணை மரக்கச் செய்ய ஊசி போடுவார்களா என்று கேட்ட அக்காவுக்கு: முன்பு வலது கண்ணுக்கு அறுவை செய்தபோது சொட்டு மருந்து மட்டும்தான். முதலில் சுரீர் என்றது, பிறகு மரத்துவிட்டது. அது கண்ணின் மேற்பரப்பைத்தான் மரக்கச் செய்யும். கண்ணை அசைக்கும் தசைகள் விழித்தே இருக்கும். அதனால் மேலே தெரியும் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். வலி இல்லை, லேசான அழுத்தம் தெரிந்தது. கண்ணை அசைக்காமல் வைத்திருக்க முடியாதவர்களுக்கு ஊசி போடுவதும் உண்டு.

கொட்டகைச் சாவி வழக்கமான இடத்தில். முள் காட்டும் எண்ணைத் தினமும் காலையில் இங்கே போடுங்கள். மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.