குடாப்பின் ஈரமும் குட்டிகளின் கழிச்சலும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். ஐப்பசியில் பிறந்த குட்டிகளில் மூன்று கழிச்சலில் போய்விட்டன என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் சரியாக இல்லை. என்ன மருந்து கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் நான் ஒன்று கேட்க வேண்டும்: தாயாடுகள் மேய்ச்சலுக்குப் போனபின் குட்டிகளை அடைக்கும் குடாப்பை, அதாவது தூக்கி மாற்றும் அந்தக் கூட்டை, ஒரே இடத்தில் எத்தனை நாள் வைத்திருந்தீர்கள்?

சென்ற கார்த்திகையில் எங்கள் கிடையிலும் இதே துயரம்தான். மூன்று வாரம் தாண்டிய குட்டிகள் வாலடி நனைந்து, சளியும் இரத்தமுமாகக் கழிந்தன. குடாப்பைத் தூக்கிவிட்டுத் தரையில் கை வைத்தேன். மழை ஈரமும் மூத்திரமும் ஊறிய மண் விரல்களில் பிசுபிசுவென்று ஒட்டியது. சாணத்தைப் பரிசோதித்த கால்நடை மருத்துவர் இரத்தக் கழிச்சல் என்று சொல்லி, அதற்குரிய மருந்தை எடைக்கேற்ற அளவில் எழுதித் தந்தார். இந்நோயின் கிருமி ஈர நிழலில் மாதக்கணக்கில் தங்கும். காய்ந்த தரையும் நல்ல வெயிலும் அதற்கு ஆகாது. அன்று முதல் குடாப்பை நாள்தோறும் மேட்டு நிலத்தில் புது இடத்துக்கு மாற்றுகிறோம். மருந்தைவிட இதுவே எங்கள் குட்டிகளைக் காத்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

பிறந்த சில நாள்களிலேயே கழிகிற குட்டி என்றால், முதலில் சீம்பாலைத்தான் விசாரிக்க வேண்டும். நோய் எதிர்ப்பாற்றல் தாயின் வயிற்றில் இருக்கும்போது குட்டிக்குச் சேர்வதில்லை, சீம்பாலின் வழியேதான் வருகிறது. அதை உறிஞ்சிக்கொள்ளும் திறனும் குடலில் மணிக்கு மணி குறைந்து ஒரு நாளில் ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே இரண்டரைக் கிலோ குட்டிக்கு முதல் 24 மணி நேரத்தில் 250 மில்லியாவது, அதிலும் முதல் பங்கு பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள், உள்ளே போயிருக்க வேண்டும். இரட்டைக் குட்டிகளில் இளைத்தது பெரும்பாலும் பட்டினி கிடக்கும். தாயின் மடியில் பிடித்து ஊட்டுங்கள். தொப்புள் கொடியில் அயோடின் தடவ மறக்காதீர்கள்.

கழிகிற குட்டியைக் கொல்வது பெரும்பாலும் நீர் வற்றுதல். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் அது மடிப்பாகவே நின்றால் தாமதிக்கக் கூடாது. ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, வேளைக்கு 100 மில்லியாக நாளில் நான்கைந்து முறை, பால் குடிக்கும் வேளைகளுக்கு இடைப்பட்ட நேரங்களில் புகட்டுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்துச் சில்லென்று இருந்தால், முதலில் சாக்கில் சுற்றிச் சூடேற்றிய பிறகே எதையும் புகட்ட வேண்டும். மனிதர்களுக்கான கழிச்சல் மாத்திரையை, யார் சொன்னாலும், கொடுக்காதீர்கள்.

கழிச்சலே இல்லாமல், நன்கு பால் குடித்துக் கொழுத்த குட்டி திடீரெனத் துள்ளி விழுந்து இறந்தால், அது துள்ளுமாரியாக இருக்கலாம். நோய் வந்தபின் செய்வதற்கு அதிகமில்லை. சினையாடுகளுக்கு ஈனுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே தடுப்பூசி போட்டுவிட்டால், சீம்பாலோடு பாதுகாப்பும் குட்டிக்குச் சேரும்.

இப்போது கழிந்துகொண்டிருக்கும் குட்டியின் சாணத்தைச் சிறு டப்பாவில் எடுத்து, நாளைக் காலையே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். முடிவு தெரிந்ததும் எழுதுங்கள், காத்திருப்பேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்