கைப்பேசி யார் கையில் இருக்கிறது? – தருமபுரி ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலக்கோடு வட்டத்தில் காட்டை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் தக்காளி பயிரிடுகிறேன். ஊர் மகளிர் குழுவுக்குக் கணக்கும் எழுதித் தருகிறேன். அரசின் சேவைகள் ஒவ்வொன்றாகக் கைப்பேசிக்கு மாறிவரும் இந்நேரத்தில், ஒரு வீட்டில் கைப்பேசி இருக்கிறதா என்று கேட்பதோடு நில்லாமல், அது பகலில் யார் கையில் இருக்கிறது என்றும் கேட்டுப் பதிவு செய்யுமாறு வேண்டிக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

கைப்பேசியால் எங்களுக்கு விளைந்த நன்மையை மறைக்கமாட்டேன். முன்பெல்லாம் மண்டியில் கூடைகளை இறக்கிய பிறகே அன்றைய விலை தெரியும். விலை படுத்துக் கிடந்தாலும், பழுத்த தக்காளியைத் திரும்ப ஏற்றிவந்து என்ன செய்வது? இப்போது பறிப்பதற்கு முன்பே பாலக்கோட்டுக்கும் ராயக்கோட்டைக்கும் பேசிப் பார்த்துவிட்டுத்தான் வண்டிக்குச் சொல்கிறோம். 1997 முதல் 2001 வரை கேரளத்தின் வடக்குக் கடலோரத்தில் கைப்பேசி படிப்படியாக வந்தபோது, மத்தி மீனின் விலை ஊருக்கு ஊர் வேறுபடுவது வெகுவாகக் குறைந்ததையும், மீனவரின் ஆதாயம் சுமார் 8 விழுக்காடு உயர்ந்து, வாங்குவோருக்கு விலை 4 விழுக்காடு இறங்கியதையும் ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியல் அறிஞர் 2007இல் கணக்கிட்டுக் காட்டினார். எங்கள் தக்காளிக்கும் ஓரளவு இது பொருந்தும். ஓரளவு என்பதற்குக் காரணம், மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியவர் எங்கே விலை விசாரித்தாலும் கடைசியில் அந்த மண்டிக்கே போயாக வேண்டும் என்பதுதான்.

பேச்சுக்கு உதவும் இதே கருவி, அடையாளச் சான்றாக மாறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. எங்கள் குழுவில் ஒருவரின் வங்கிக் கணக்கில் பதிவாகியிருப்பது கணவரின் எண். அவரோ பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். ஓ.டி.பி. அங்கே போகிறது, சாரத்தில் நிற்பவர் இறங்கிவந்து, எண்ணைப் பார்த்து, பக்கத்து வீட்டுப் போனுக்கு அழைத்துச் சொல்வதற்குள் அதன் நேரம் முடிந்துவிடுகிறது. ஒரே வேலைக்காக அந்த அம்மா கூலியை விட்டுவிட்டு மூன்று நாள் அலைந்தார். கணக்கெடுப்பில் அவருடையதும் கைப்பேசி உள்ள வீடுதான். மகளிர் உரிமைத்தொகைக்கான விண்ணப்ப முகாம் 2023 ஜூலை 24 அன்று நம் தொப்பூரில்தான் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் பெண்ணின் கணக்கிலேயே வரவாகும் அத்திட்டத்திலும், பணம் வந்ததைச் சொல்லும் குறுஞ்செய்தி கணவருக்கோ மகனுக்கோ போகிற வீடுகளை நான் அறிவேன்.

சிக்னலும் இப்படித்தான். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் செயலி வழி வருகைப்பதிவு கட்டாயமாகி, நாளுக்கு இருமுறை படம் எடுக்க வேண்டியதாயிற்று. சிக்னல் இல்லாமலும் படம் எடுத்துவிடலாம், ஆனால் அதை ஏற்றுவதற்கு ஏரிப் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. சித்தேரியிலும் வத்தல்மலையிலும் ஒரு சிற்றூரில் கிடைக்கும் டவர் அடுத்த மலைமடிப்பில் கிடைக்காது. இணைப்பில்லாத 24,680 ஊர்களுக்கு 4ஜி தர 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022 ஜூலையில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அப்படிப்பட்ட பட்டியல்களில் ஊரின் பெயர் இருக்கிறது, பள்ளமும் மேடும் இல்லை.

ஆகவே, ரேசன் கடை, துணை சுகாதார நிலையம், பள்ளி, வேலைத்தளம் ஆகிய இடங்களில் ஆளை நிறுத்தி, சாதாரண பட்டன் போனில் சிக்னலை அளந்து, அந்தப் பட்டியலை மாவட்ட நிர்வாகம் வெளியிட வேண்டும். வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் பெண்கள் தங்கள் சொந்த எண்ணைச் சேர்த்துக்கொள்ள ஊராட்சிதோறும் முகாம் வேண்டும். அதை ஞாயிற்றுக்கிழமை வைத்தால் கூலி போகாது. சொந்த எண்ணே இல்லாதவருக்குக் காகிதமும் கைரேகையும் தொடர்ந்து செல்லுபடியாக வேண்டும். பட்டன் போனிலும் பணம் அனுப்பும் முறையை ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கிவைத்தது, ஆனால் எங்கள் ஊரில் அதைப் பயன்படுத்தும் ஒருவரையும் நான் கண்டதில்லை. முகாமிலேயே அதையும் கற்றுக்கொடுக்கலாம்.

சிக்னலை அளக்க வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால், எந்தப் பாறையின் மேல் நின்றால் பேச முடியும் என்பதை அறிந்த எங்கள் குழுப் பெண்கள் இருவர் உங்கள் அலுவலர்களுடன் நடந்து வரச் சம்மதித்திருக்கிறார்கள்.

இங்ஙனம்,
பாலக்கோடு வட்டத்து விவசாயி ஒருவர்